கிருமிநாசினிக்குச் சான்று: ஆய்வகச் சோதனையும் ஒஸ்லோ தரும் பாடமும்

வேதிக் கிருமிநாசினி ஒன்றின் திறனைச் சொல்ல ஐந்து விவரங்கள் வேண்டும். எந்தக் கிருமி, எவ்வளவு செறிவு, எத்தனை நிமிடம், என்ன வெப்பநிலை, எவ்வளவு அழுக்கின் நடுவே என்பவை அவை. ஐந்தில் ஒன்று மாறினாலும் விடை மாறிவிடும். சாராயக் கரைசல் பல பாக்டீரியாக்களை அரை நிமிடத்தில் கொல்லும். பாக்டீரியா வித்துகளை நாள் முழுக்க ஊறவைத்தாலும் அதனால் நம்பத்தக்க அளவில் கொல்ல முடியாது. குளோரின் கரைசல் சுத்தமான தட்டில் விரைந்து வேலை செய்யும். இரத்தம் படிந்த தட்டில் அதன் பெரும்பகுதி இரத்தத்தோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும். ஆகவே, “99.9 சதவீதக் கிருமிகளை அழிக்கும்” என்று புட்டியில் அச்சிட்ட வாசகம் தனியாக எதையும் உறுதிசெய்வதில்லை. உறுதிசெய்வது அதற்குப் பின்னால் இருக்கும் ஆய்வகச் சோதனை.

இந்தச் சோதனை எப்படி நடக்கிறது, அதன் சான்று எதுவரை செல்லும் என்பதைப் பார்க்க நார்வே நல்ல களம். ஐரோப்பியச் சோதனைத் தரங்களை அந்நாடு முழுமையாகப் பின்பற்றுகிறது. தலைநகர் ஒஸ்லோவிலும் அதன் அருகிலும் நடந்த ஆய்வுகள், ஆய்வகத்து முடிவுக்கும் மருத்துவமனைத் தரைக்கும் இடையே உள்ள தூரத்தை எண்களோடு காட்டியிருக்கின்றன.

சோதனை வளர்ந்த வரலாறு

கிருமிநாசினிகளை முறையாகச் சோதித்த முதல் பெரிய ஆய்வை 1881-இல் ஜெர்மனியின் ராபர்ட் கோக் வெளியிட்டார். அடைப்பான் நோயை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகளைப் பட்டு நூல்களில் உலர்த்தி, நூல்களைக் கிருமிநாசினியில் ஊறவைத்து, பிறகு வளர்ப்பூடகத்தில் இட்டு வளர்ச்சி தோன்றுகிறதா என்று பார்த்தார். அன்று அறுவை அரங்குகளில் பெரிதும் நம்பப்பட்ட கார்பாலிக் அமிலம் வித்துகளிடம் பலவீனமானது என்று தெரிந்தது. மெர்க்குரிக் குளோரைடோ மிகக் குறைந்த செறிவிலேயே வெற்றிபெற்றதாகத் தோன்றியது.

அந்த வெற்றியில் ஒரு பிழை ஒளிந்திருந்தது. 1889-இல் கெப்பர்ட் என்ற ஆய்வாளர் அதை வெளிக்கொணர்ந்தார். பட்டு நூலில் ஒட்டிக்கொண்ட பாதரச உப்பு வளர்ப்பூடகத்துக்குள்ளும் சென்று, உயிரோடிருந்த வித்துகளை முளைக்க விடாமல் தடுத்திருந்தது. அம்மோனியம் சல்பைடு சேர்த்துப் பாதரசத்தை முறித்தபின் அவை வளர்ந்தன. கிருமி செத்துவிட்டதா, வளர முடியாமல் அடங்கிக் கிடக்கிறதா என்று பிரித்தறியாத சோதனை பொய்ச்சான்று தரும் என்பது அன்றே தெளிவாயிற்று. இன்றைய எல்லாச் சோதனை முறைகளிலும் நடுநிலையாக்கும் படி ஒன்று கட்டாயமாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

1897-இல் குரோனிக், பால் என்ற ஆய்வாளர்கள் இருவரும் செறிவு, வெப்பநிலை, கிருமிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை நிலையாக வைத்தால்தான் இரண்டு கிருமிநாசினிகளை ஒப்பிட முடியும் என்று நிறுவினர். 1903-இல் இங்கிலாந்தின் ரிடீல், வாக்கர் இருவரும் ஃபீனாலை அளவுகோலாக்கினர். டைஃபாய்டு பாக்டீரியாவைக் குறித்த நேரத்தில் கொல்ல ஃபீனாலை 100 மடங்கு நீர்க்கலாம், சோதிக்கும் பொருளை 400 மடங்கு நீர்க்கலாம் என்றால், அப்பொருளின் ரிடீல்-வாக்கர் எண் 4. இந்தியாவில் கறுப்புப் பினாயிலைத் தரம்பிரிக்கும் ஐஎஸ் 1061 என்ற தரம் இந்த எண்ணைப் பயன்படுத்துகிறது. பினாயில் புட்டிகளில் காணப்படும் ‘ஆர்.டபிள்யூ.சி.’ என்ற குறி அதைத்தான் சொல்கிறது.

ரிடீல்-வாக்கர் முறையில் அழுக்குக்கு இடமில்லை. 1908-இல் லண்டன் லிஸ்டர் நிறுவனத்தின் ஹேரியட் சிக், சார்ல்ஸ் மார்ட்டின் இருவரும் சோதனைக் கலவையில் கரிமப் பொருளைச் சேர்த்தபோது பல தயாரிப்புகளின் மதிப்பு சரிந்தது. 1960-களில் கெல்சி, சைக்ஸ் இருவரும் உருவாக்கிய முறையில் ஒரே கரைசலில் கிருமிகளை மீண்டும் மீண்டும் சேர்த்து, அது எத்தனை சுமைவரை தாங்குகிறது என்று பார்த்தனர். ஒவ்வொரு முறையும் முந்தைய சோதனை கணக்கில் எடுக்காத ஒரு நிபந்தனையைச் சேர்த்துக்கொண்டு வந்தது. ஆனால் ஒவ்வொரு நாடும் தனித்தனி முறையைக் கையாண்டதால், ஒரு நாட்டுச் சான்று மற்றொன்றில் செல்லுபடியாகவில்லை. இதைத் தீர்க்க 1990-இல் ஐரோப்பியத் தரநிர்ணயக் குழு, கிருமிநாசினிகளுக்கென்றே 216 என்ற எண்ணுடைய தொழில்நுட்பக் குழுவை அமைத்தது.

நார்வேயின் அமைப்பு

நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பு நாடல்ல. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி உடன்படிக்கையின் வழியே ஒன்றியத்தின் சட்டங்களில் பலவற்றை ஏற்கிறது. உயிர்க்கொல்லிப் பொருட்களுக்கான 2012-ஆம் ஆண்டின் 528-ஆம் ஒழுங்குமுறையும் அவற்றில் ஒன்று. மனிதத் தோல், பொதுப் பரப்புகள், கால்நடை, உணவுத் தொழில், குடிநீர் என ஐந்து வகைகளாகக் கிருமிநாசினிகளை அது பிரிக்கிறது. எந்த வகைக்கு விற்கப்படுகிறதோ அந்த வகைக்கான சோதனைத் தரவைத் தயாரிப்பாளர் காட்ட வேண்டும். நார்வேயில் இதைக் கவனிப்பது சுற்றுச்சூழல் இயக்குநரகம். மருத்துவமனைக் கருவிகளுக்கும் பரப்புகளுக்கும் உரிய கிருமிநாசினிகளை ஒஸ்லோவில் உள்ள மருந்துகள் முகமை நீண்ட காலம் தனியே ஆராய்ந்து ஒப்புதல் தந்துவந்தது; 2024 ஜனவரி 1 முதல் அது மருத்துவப் பொருட்கள் இயக்குநரகம் என்ற பெயரில் இயங்குகிறது.

சோதனைத் தரங்களை நார்வேஜியத் தரங்களாக வெளியிடுவது ‘ஸ்டாண்டர்ட் நோர்கே’ என்ற அமைப்பு. ஆய்வகங்களின் தகுதியை ஐஎஸ்ஓ 17025 தரப்படி சோதித்து ஏற்பு வழங்கும் ‘நோர்ஸ்க் அக்ரெடிட்டெரிங்’ லில்லெஸ்ட்ரோமில் இருக்கிறது. பொருளைச் சோதிப்பது ஆய்வகம், ஆய்வகத்தைச் சோதிப்பது ஏற்பு அமைப்பு, ஒப்புதல் தருவது அரசு முகமை என்று பொறுப்பு மூன்றாகப் பிரிந்திருப்பதால், தயாரிப்பாளர் சொல்வதை மட்டும் நம்பிப் பொருள் சந்தைக்கு வருவதில்லை.

திரவச் சோதனை

ஐரோப்பியத் திட்டத்தில் சோதனைகள் கட்டம் கட்டமாக ஏறுகின்றன. முதற்கட்டம் அழுக்கே இல்லாத கலவையில் பொருளுக்கு அடிப்படைத் திறன் உண்டா என்று பார்க்கும். இரண்டாம் கட்டத்தின் முதற்படி அழுக்கு கலந்த திரவத்தில் நடக்கும். இரண்டாம் படி தட்டு, கருவி, கை போன்ற நிஜப் பரப்புகளில் நடக்கும். மூன்றாம் கட்டம் களத்தில் நடக்க வேண்டியது. அதற்கு எல்லோரும் ஏற்ற ஒரே முறை இன்னும் உருவாகவில்லை.

மருத்துவத் துறைக்கான பாக்டீரியாச் சோதனை இஎன் 13727 என்ற ஐரோப்பியத் தரம். அதில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ் எருஜினோசா, என்டெரோகாக்கஸ் ஹிரே ஆகிய மூன்றின், நுண்ணுயிர்ச் சேகரிப்பகங்களில் பாதுகாக்கும் குறிப்பிட்ட வகைகளைப் பயன்படுத்த வேண்டும். எந்த நாட்டு ஆய்வகமும் ஒரே வகையை வாங்கி வளர்ப்பதால் முடிவுகளை ஒப்பிட முடிகிறது. ஒரு மில்லிலிட்டரில் 15 கோடி முதல் 50 கோடி வரை உயிருள்ள பாக்டீரியா இருக்கும்படி கலவை தயாராகும். அதில் 1 மில்லிலிட்டருடன் அழுக்குக்கு ஈடான இடையூறுப் பொருள் 1 மில்லிலிட்டரைக் கலந்து, பிறகு கிருமிநாசினி 8 மில்லிலிட்டரை ஊற்றுவார்கள். சுத்தமான சூழலுக்கு லிட்டருக்கு 0.3 கிராம் மாட்டு அல்புமின். அழுக்கான சூழலுக்கு 3 கிராம் அல்புமினோடு செம்மறியாட்டுச் செவ்வணுக்களும் சேரும். நீர்த்துப் பயன்படுத்தும் பொருளைக் காய்ச்சி வடித்த நீரில் கரைக்கக் கூடாது. கால்சியம், மக்னீசியம் உப்புகள் கலந்த கடின நீரில்தான் கரைக்க வேண்டும். குழாய் நீரின் கடினத்தன்மை சில கிருமிநாசினிகளை வலுவிழக்கச் செய்யும் என்பதே காரணம்.

குறித்த நேரம் முடிந்த நொடியில் கலவையில் 1 மில்லிலிட்டரை எடுத்து நடுநிலையாக்கியில் சேர்ப்பார்கள். குவாட்டர்னரி அம்மோனியம் சேர்மங்களை முறிக்க லெசித்தினும் பாலிசார்பேட்டும், குளோரினை முறிக்கச் சோடியம் தயோசல்பேட்டும் பயன்படும். முறிக்கத் தகுந்த பொருள் கிடைக்காவிட்டால் கலவையைச் சவ்வில் வடிகட்டிக் கழுவிவிடுவதும் உண்டு. பிறகு அகார் தட்டுகளில் வளர்த்து, தோன்றும் காலனிகளை எண்ணுவார்கள். இதோடு மூன்று கட்டுப்பாட்டுச் சோதனைகளும் நடக்க வேண்டும். சோதனைச் சூழலே கிருமியைக் கொல்லவில்லை, நடுநிலையாக்கி கிருமிக்குக் கேடு செய்யவில்லை, நடுநிலையாக்கி உண்மையிலேயே கிருமிநாசினியை நிறுத்துகிறது என்ற மூன்றையும் அவை தனித்தனியே காட்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் முடிவு செல்லாது. கெப்பர்ட் கண்ட பிழை மீண்டும் நேராமல் காப்பது இதுதான்.

முடிவைப் பத்தடி மடக்கையில் சொல்வது வழக்கம். கிருமிநாசினி இல்லாத கலவையில் ஒரு மில்லிலிட்டருக்கு 3 கோடி பாக்டீரியா இருந்து, சோதனைக்குப் பின் 240 மட்டும் எஞ்சினால், 7.48-இலிருந்து 2.38 கழித்து 5.1 மடக்கைக் குறைவு என்று பதிவாகும். பாக்டீரியாவுக்குத் தேவையானது 5. பூஞ்சைக்கும் வைரசுக்கும் 4. இந்தக் கணக்கில் 99.9 சதவீதம் என்பது 3 மடக்கைக் குறைவுதான். 3 கோடியில் 99.9 சதவீதம் செத்தால் 30,000 எஞ்சும். 5 மடக்கை குறைந்தால் 300-தான் எஞ்சும். விளம்பரத்தில் பெரிதாகத் தெரியும் சதவீதம் மருத்துவத் தரத்துக்கு நூறு மடங்கு கீழே நிற்கிறது.

வைரசுகளில் எளிதில் மடிபவை கொழுப்பு உறை கொண்டவை. உறையற்ற நோரோ, அடினோ, போலியோ போன்றவை கடினமானவை. இஎன் 14476 இவற்றைப் பிரித்தே சான்று கேட்கிறது. “வைரஸ் கொல்லி” என்ற பொதுச்சொல்லை, உறைகொண்ட வைரசை மட்டும் கொன்ற பொருளுக்குத் தர முடியாது.

பரப்பும் கையும்

திரவத்தில் மிதக்கும் கிருமியைக் கொல்வது எளிது. உலர்ந்து ஒட்டிய கிருமியைக் கொல்வது கடினம். இஎன் 13697 சோதனையில், அழுக்கோடு கலந்த கிருமிகளை 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளில் உலர்த்தி, மேலே 0.1 மில்லிலிட்டர் கிருமிநாசினி மட்டும் விடுவார்கள். தேய்ப்பு ஏதும் இல்லாததால் பாக்டீரியாவுக்கு 4 மடக்கைக் குறைவு போதும். ஈரத் துணிகளுக்கான இஎன் 16615 சோதனையில் பிவிசி பரப்பில் நான்கு கட்டங்கள் வரைந்து, முதல் கட்டத்தில் மட்டும் கிருமியை இட்டு, எடை வைத்த கட்டையில் சுற்றிய துணியால் நான்கையும் தொடர்ந்து துடைப்பார்கள். முதல் கட்டத்தில் கிருமி சாகிறதா என்பதோடு, துணி அதை மற்றக் கட்டங்களுக்குக் கொண்டுபோகிறதா என்பதும் அளக்கப்படும். துடைக்கும் துணியே தொற்றைப் பரப்பும் ஆபத்தைக் கணக்கில் எடுத்ததில் இந்தச் சோதனை முந்தையவற்றைவிட முன்னேற்றம்.

கைக்கான இஎன் 1500 சோதனையில் தன்னார்வலர்கள் தீங்கற்ற இ. கோலி வகையில் கைகளை நனைத்து, ஒருமுறை சோதிக்கும் பொருளாலும் ஒருமுறை 60 சதவீத ஐசோபுரோபனாலாலும் தேய்த்துக்கொள்வார்கள். ஒரே மனிதரின் கையில் இரண்டையும் ஒப்பிட்டு, புதிய பொருள் ஐசோபுரோபனாலுக்குக் குறைந்ததல்ல என்று நிறுவ வேண்டும்.

வெப்பநிலை தனிக் கவனம் கேட்கிறது. மருத்துவச் சோதனைகள் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியசில் நடக்கின்றன. கால்நடைத் துறைக்கான இஎன் 1656 சோதனை 10 டிகிரியில் நடக்கிறது. தொழுவம் குளிர்ந்தது, ஆல்டிஹைடு போன்ற பொருட்கள் குளிரில் மந்தமாகும். நார்வேயின் குளிர்காலத்தில் 10 டிகிரிகூட மிதமான எண். அங்கே மருத்துவமனைகள் இயன்ற இடத்தில் வேதிப்பொருளைவிட வெப்பக் கிருமிநீக்கத்தையே விரும்புவதன் நியாயம் இதிலிருந்து விளங்கும். வெப்பத்தை அளப்பது எளிது. அழுக்கும் கடின நீரும் அதை முறிப்பதில்லை.

ஒஸ்லோ உள்ளெவோல் மருத்துவமனையின் ஆய்வு

நோயாளி அறையை முழுவதுமாகப் புகையூட்டித் தூய்மையாக்கும் கருவிகள் 2000-களில் பரவின. அவற்றுக்கென ஐரோப்பிய அளவில் பொதுத் தரம் அப்போது இல்லை. ஒஸ்லோவின் உள்ளெவோல் பல்கலைக்கழக மருத்துவமனையில் மருத்துவமனைத் தொற்றுத் துறையின் பியோர்க் மாரித் ஆண்டர்சனும் உடன் ஆய்வாளர்களும் இத்தகைய ஒரு கருவியைக் களத்திலேயே சோதித்து 2006-இல் வெளியிட்டனர். அக்கருவி 5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை உலர்ந்த புகையாக வெளியிடுவது. அறைகளிலும், ஆம்புலன்சுகளிலும், மருத்துவக் கருவிகளின் உள்ளும் புறமும் பேசில்லஸ் அட்ரோஃபேயஸ் வித்துகள் தோய்ந்த தாள்பட்டைகளை வைத்து, புகையூட்டலுக்குப் பின் அவற்றில் ஏதேனும் வளர்கிறதா என்று பார்த்தார்கள்.

மூடிய சோதனை அறைகளில் வைத்த 146 பட்டைகளில் 87 சதவீதம் வித்தின்றித் தேறின. அறுவைப் பிரிவில் மூன்று சுற்றுப் புகையூட்டலுக்குப் பின் 48 பட்டைகளும் தேறின. ஒன்று அல்லது இரண்டு சுற்றுக்குப் பலனே இல்லை. கருவிகளின் உட்புறத்தில் வைத்த 220 பட்டைகளில் 62.3 சதவீதம் மட்டுமே தேறின. அதே கருவிகளை இயக்கி, காற்று உள்ளே ஓடும்படி செய்தபோது 57-க்கு 57-ம் தேறின. ஆம்புலன்சில் மெத்தையின் அடியிலும் தூக்குப்படுக்கையின் இழுப்பறையிலும் வைத்தவை உட்பட 60 பட்டைகளும் மூன்று சுற்றில் தேறின.

இந்த எண்களில் வேதிப்பொருள் ஒன்றே. அதன் செறிவும் ஒன்றே. முடிவை மாற்றியவற்றில் முக்கியமானவை சுற்றுகளின் எண்ணிக்கையும் காற்றோட்டமும். முதலாவது பலன் இல்லை என்ற முடிவையும், இரண்டாவது அரைகுறைப் பலன் என்ற முடிவையும் முழுப் பலனாக மாற்றிவிட்டன. ஹைட்ரஜன் பெராக்சைடு வித்துகளைக் கொல்லும் என்று ஆய்வகம் தரும் சான்று உண்மையானதுதான். அணைத்துவைத்த கருவியின் குழாய்க்குள் அது போய்ச் சேராவிட்டால் அந்த உண்மையால் நோயாளிக்குப் பயன் இல்லை. காற்றுவழிக் கிருமிநீக்கத்துக்கான இஎன் 17272 தரம் 2020-இல் வெளிவந்தது. அறையில் பல இடங்களில் வைத்த எஃகுத் தகடுகளில் கிருமி எந்த அளவு குறைகிறது, புகை எங்கும் பரவுகிறதா என்ற இரண்டையும் அது அளக்கச் சொல்கிறது.

சேகரிப்புக் கிருமியும் களத்துக் கிருமியும்

தரச் சோதனையில் பயன்படும் கிருமிகள் பல பத்தாண்டுகளாக ஆய்வகத்தில் வளர்பவை. தொழிற்சாலையிலும் தொழுவத்திலும் வாழும் கிருமிகள் கிருமிநாசினியோடு நாள்தோறும் பழகியவை. ஒஸ்லோவுக்குத் தெற்கே ஓஸ் என்ற ஊரிலிருந்த உணவு ஆராய்ச்சி நிறுவனம் ‘மாட்ஃபோர்ஸ்க்’ (இன்றைய நொஃபீமாவின் பகுதி) இதை ஆழ்ந்து ஆராய்ந்தது. உணவுத் தொழிற்சாலைகளிலிருந்து எடுத்த ஸ்டாஃபிலோகாக்கஸ்களில், குவாட்டர்னரி அம்மோனியம் சேர்மங்களைச் செல்லுக்கு வெளியே இறைத்துத் தள்ளும் கியூஏசி-எச், கியூஏசி-ஜி என்ற புதிய மரபணுக்களை எவன் ஹைர் முதலானோர் 1998, 1999 ஆண்டுகளில் விவரித்தனர். 2003-இல் குதிரைகளிடமிருந்து எடுத்த ஸ்டாஃபிலோகாக்கஸ்களில் கியூஏசி-ஜே என்ற மற்றொன்றை ஒஸ்லோ கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட குழு கண்டது. மூன்று வேறு இனங்களில் ஒரே மரபணு இருந்தது. அதைச் சுமந்தவை ஓர் இனத்திலிருந்து மற்றோர் இனத்துக்குத் தாவக்கூடிய பிளாஸ்மிடுகள்.

இறைக்கும் மரபணு இருந்தாலும், முழுப் பயன்பாட்டுச் செறிவைக் கிருமி பெரும்பாலும் தாங்குவதில்லை. கழுவிய நீர் தேங்கி மருந்து நீர்த்துப்போன மூலையில்தான் அது பிழைக்கிறது. 2003-இல் சோல்வெய்க் லாங்ஸ்ரூட் முதலானோர், பால் பதனிடும் ஆலைகளின் கால் நனைக்கும் கிருமிநாசினித் தொட்டிகளில் செராஷியா மார்செசன்ஸ் என்ற பாக்டீரியா பிழைத்திருந்ததைப் பதிவுசெய்தனர். தொற்றைத் தடுக்க வைத்த தொட்டியே கிருமியின் இருப்பிடமாகியிருந்தது. சேகரிப்புக் கிருமியில் தேறிய பொருளைக் களத்துக் கிருமியிலும் அவ்வப்போது சோதிக்க வேண்டும், தொட்டியின் செறிவை அளந்து நேரத்துக்கு மாற்ற வேண்டும் என்பவை இந்த ஆய்வுகளின் நேரடி முடிவுகள்.

சான்று காக்காத இடம்

திறன் சோதனை ஒரு தயாரிப்பின் சூத்திரத்தைச் சோதிக்கிறது. ஆலையிலிருந்து நாள்தோறும் வெளிவரும் ஒவ்வொரு தொகுதியும் தூயது என்று அது சொல்வதில்லை. நார்வே இந்த வேறுபாட்டை இருமுறை பெரும் விலை கொடுத்து அறிந்தது. இரண்டிலும் காரணமானவை கிருமிநாசினிகள் அல்ல. நோயாளிகளைத் தூய்மை செய்யும் ஈரப் பொருட்கள்.

2001, 2002 ஆண்டுகளில் நாடெங்கும் மருத்துவமனைகளில் சூடோமோனாஸ் எருஜினோசா தொற்று பரவியது. ஒஸ்லோவில் உள்ள பொதுச் சுகாதார நிறுவனம் மருத்துவமனைகளோடு சேர்ந்து நடத்திய விசாரணை, ஈரமாக்கிய வாய்த் துடைப்பான்களில் போய் நின்றது. 24 மருத்துவமனைகளில் 231 நோயாளிகளிடம் ஒரே வகைக் கிருமி இருந்தது; அவர்களில் 71 பேர் மருத்துவமனையிலேயே இறந்தனர். இறந்தவர்கள் அனைவரும் ஏற்கெனவே கடும் நோயுற்றிருந்தவர்கள். அதே கிருமி 12 தொகுதிகளைச் சேர்ந்த துடைப்பான்களிலும் உற்பத்தி வரிசையிலும் கிடைத்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின், 2021 இறுதியில் மீண்டும் அதே இனம் தலைகாட்டியது. 2022 ஏப்ரல் 25 வரை 38 மருத்துவமனைகளில் 339 பேர் கண்டறியப்பட்டனர். நோயாளிகளின் உடலைத் துடைக்கும் கிருமிநீக்கம் செய்யப்படாத ஈரத் துணிகளின் மூன்று தொகுதிகளில் அந்தக் கிருமி இருப்பது 2022 மார்ச்சில் தெரிந்தது.

சூடோமோனாஸ் ஈரத்தில் வாழும் கிருமி. சத்துக் குறைந்த நீரிலும் அது பெருகும். எனவே ஈரப் பொருளுக்கு மூன்று தனித்தனிக் காப்புகள் வேண்டும். அதில் சேர்த்த பதனப்பொருள் கிருமியைத் தடுக்கிறதா என்ற சோதனை, ஒவ்வொரு தொகுதியிலும் நுண்ணுயிர்ச் சோதனை, உற்பத்திக் குழாய்களின் கண்காணிப்பு என்பவை அவை. ஒன்றின் சான்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

வாங்குவோர் கேட்க வேண்டியவை

மருத்துவமனை, பள்ளி, உணவு ஆலை என எந்த நிறுவனமாயினும், கிருமிநாசினி வாங்கும்போது சான்றிதழின் முதல் பக்கத்தோடு நின்றுவிடக் கூடாது. சோதனை அறிக்கையையே கேட்டு வாங்க வேண்டும். அதில் தர எண்ணும், சோதித்த கிருமிகளின் பெயரும், செறிவும், நேரமும், வெப்பநிலையும், அழுக்கின் அளவும், பயன்படுத்திய நடுநிலையாக்கியும், கட்டுப்பாட்டுச் சோதனைகளின் முடிவும் இருக்க வேண்டும். சோதித்த ஆய்வகம் அந்தக் குறிப்பிட்ட சோதனைக்கே ஏற்புப் பெற்றதா என்பதையும் பார்க்க வேண்டும். பிறகு அறிக்கையைத் தம் களத்தோடு ஒப்பிட வேண்டும். 60 நிமிடத்தில் தேறிய பொருளை இரண்டு நிமிடத்தில் துடைத்து எடுக்கும் இடத்தில் பயன்படுத்தினால், அந்தச் சான்று அங்கே பொருந்தாது. சுத்தமான சூழலில் மட்டும் தேறியதை இரத்தம் சிந்திய தரைக்கு வாங்கக் கூடாது. அழுக்கை முதலில் கழுவி நீக்குவதும், அளவுக் குவளையால் அளந்து கரைப்பதும், குறித்த நேரம் பரப்பு ஈரமாகவே இருக்க விடுவதும் ஆய்வகத்தின் நிபந்தனையைத் தரையில் நிறைவேற்றும் வேலைகள். அவற்றைச் செய்யும் துப்புரவுப் பணியாளருக்குப் பயிற்சியும் போதிய நேரமும் தராத நிறுவனத்தில், மிகச் சிறந்த சான்று பெற்ற கிருமிநாசினியும் நோயாளியைக் காக்காது.